விழுந்த சுவரைத் தொடாதீங்க

கோவில்பட்டிப் பக்கம், மனுசனுக்கு மட்டுமில்லை, வீட்டுக்கும் இன்சூரன்ஸ் போடலாம் என்று ஊர் ஊராகப் போய்ச் சொன்ன முதல் ஆள் நான்தான். பெருமைக்காகச் சொல்கிறான் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். நாலாம் வகுப்பு முடிக்காமல் தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கப் போனவன், பிற்பாடு மெயின் ரோட்டில் போர்டு மாட்டி, தலைக்கு மேலே காத்தாடி சுற்ற, எதிரே நாற்காலிகள் போட்டு உட்கார்ந்தேன் என்றால், அதில் பெருமைப்பட எனக்கு உரிமை உண்டு.

ஏஜென்ட் லைசென்ஸ் என் வீட்டுக்காரி பெயரில். அவள் பத்தாம் வகுப்பு பாஸ். பரீட்சை எழுதியது அவள், கையெழுத்து அவளுடையது, போர்டில் இருந்த பெயரும் அவள் பெயர்தான். ஆனால் வெயிலில் அலைந்தது நான். பேசியது நான். பசுவந்தனை, புதூர், மணியாச்சி என்று எந்த ஊர் டீக்கடையில் கேட்டாலும், "இன்சூரன்ஸ் அண்ணாச்சியா, இப்பத்தான் டீ குடிச்சிட்டுப் போறாரு" என்பார்கள். நான் போய் ஒரு வாரம் ஆகியிருந்தாலும் அப்படித்தான் சொல்வார்கள். அவ்வளவு பழக்கம்.

மற்ற ஏஜென்டுகள் ஆளுக்குப் பாலிசி பிடித்துக்கொண்டிருந்தார்கள். அது சுலபம். எல்லோருக்கும் சாவு பயம் உண்டு. வீட்டுக்கு என்று ஆரம்பித்தால் அடிக்க வந்தார்கள். புதூர்ப் பக்கம் ஒரு அம்மா விளக்குமாறைத் தரையில் தட்டிக்கொண்டே சொன்னாள்: "நல்லா நிக்கிற வீட்டு வாசல்ல வந்து, விழுந்தா என்ன கிடைக்கும்னு பேசுதீரே, உம்ம வாயில நல்ல வார்த்தையே வராதா?" நான் சிரித்துக்கொண்டே ஒரு செம்பு தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு வந்தேன். அடுத்த மாதம் திரும்பப் போனேன். தண்ணீர் மட்டும் கொடுத்தாள்.

அதற்குப் பிறகுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. இன்சூரன்ஸைப் பற்றிப் பேசாதே, வீட்டைப் பற்றிப் பேசு. மாதம் ஒரு நோட்டீஸ் அடித்தேன். நான் சொல்லச் சொல்ல என் வீட்டுக்காரி எழுதுவாள். "இது எழுத்துல நல்லா இருக்காது" என்று பாதியை அடித்துவிடுவாள். மீதியை அச்சாபீசில் கொடுத்து, மஞ்சள் தாளில் அடித்து, டீக்கடை, ரேஷன் கடை, பஸ் நிற்கும் மரம் என்று ஒட்டிவிட்டு வருவேன். மேலே ஊர்ச் செய்தி: எந்த ஓடைப் பாலம் உடைந்திருக்கிறது, எந்த ஊரில் வைக்கோல் படப்பு எரிந்தது, கரண்ட் கம்பி எங்கே தாழத் தொங்குகிறது. கீழே வீட்டுக்காரர்களுக்கு யோசனை.

கரிசல் பூமி மற்ற பூமி மாதிரி இல்லை. சித்திரையில் வாய் பிளந்து கிடக்கும். உள்ளே ஒரு செருப்பு விழுந்தால் கை விட்டு எடுக்க முடியாது. ஐப்பசியில் தண்ணீரைக் குடித்து உப்பிக்கொள்ளும். மேலே நிற்கிற வீட்டை ஆறு மாதம் இறக்கும், ஆறு மாதம் தூக்கும். இதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் குளிக்கிற தண்ணீரைச் சுவரோரமே விடுவார்கள். அதனால் எழுதினேன்: சுவரை ஒட்டி இருக்கிற வெடிப்பில் ஆற்று மணலைப் போட்டு அடையுங்கள். குளிக்கிற தண்ணீரைத் தள்ளி விடுங்கள். தீப்பெட்டி வேலைக்கு வாங்குகிற மெழுகையும் குச்சியையும் அடுப்பு இருக்கிற அறையில் வைக்காதீர்கள். படப்பை வீட்டை விட்டுத் தள்ளிப் போடுங்கள்.

டீக்கடையில் ஒருத்தன் சத்தமாக வாசிப்பான், மற்றவர்கள் என்னை வம்புக்கு இழுப்பார்கள்.

"அண்ணாச்சி, கூரை மேல பீர்க்கங்கொடி ஏறிப்போச்சே, அதுக்கு என்ன சொல்லுதீங்க?"

"ஏறட்டும்லே. காய்ச்சா எனக்குப் பாதி, கம்பெனிக்குப் பாதி."

"அப்ப எனக்கு?"

"உனக்குத்தான் கூரை இருக்குல்லா."

ஒவ்வொரு நோட்டீசிலும் கடைசியில் பெரிய எழுத்தில் ஒரு வரி இருக்கும். விழுந்த சுவரைத் தொடாதீங்க. மழை, வெள்ளம், தீ எதுவானாலும், கம்பெனி அனுப்புகிற சர்வேயர் வந்து கண்ணால் பார்க்கிற வரைக்கும் இடிந்தது இடிந்தபடி, கரிந்தது கரிந்தபடி கிடக்க வேண்டும். அவர் பார்த்து எழுதினால்தான் நஷ்டம் நஷ்டம். பார்க்காவிட்டால் ஒன்றும் நடக்கவில்லை என்றுதான் அர்த்தம். இந்த வரியை நான் அழுத்தி அழுத்திச் சொன்னதுக்குக் காரணம் இருந்தது. நம் ஆட்கள் வீட்டுக்கு யாராவது வருகிறார்கள் என்றால் முதல் வேலையாகக் கூட்டிப் பெருக்கிச் சாணி தெளித்துக் கோலம் போட்டுவிடுவார்கள்.

பசுவந்தனைக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரில் ஆடு மேய்க்கிற குடும்பம் ஒன்று இருந்தது. புருசன், பெண்டாட்டி, மூன்று பிள்ளைகள். அந்த ஊரில் முதன்முதலாக வீட்டுக்குப் பாலிசி போட்டது அந்தப் பெண்தான். புருசன் கேலி செய்தான். "ஆட்டுக்குப் போடுதேன்னு சொல்லு, ஒரு நியாயம் இருக்கு. வீடு என்ன ஓடியா போகும்?" அவள் என்னிடம் கேட்டாள்: "அண்ணாச்சி, நோட்டீஸ்ல சொன்ன மணலு எந்த ஆத்து மணலா இருந்தாலும் பரவாயில்லையா?" வாசிக்கத் தெரியாது அவளுக்கு. மூத்த மகளை வாசிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். ஓடைக்குப் போய்த் தலைச்சுமையாக மணல் கொண்டுவந்து, நான் சொன்னபடியே சுவரோரம் அடைத்திருந்தாள். படப்பைத் தள்ளிப் போட்டிருந்தாள். என் நோட்டீசை இப்படி எழுத்துக்கு எழுத்து கேட்டு நடந்த வீடு இந்த வட்டாரத்தில் வேறு இல்லை. போகிற ஊரிலெல்லாம் அந்த வீட்டைச் சொல்லித்தான் மற்றவர்களுக்குப் பாலிசி போட்டேன்.

வீடு சின்னதுதான். செவக்காட்டு மண்ணைக் குழைத்து வைத்த கல் சுவர், மேலே ஓடு. உள்ளே தடுப்பு இல்லாமல் ஒரே நீள அறை. முன்வாசல் ஒன்று, கொல்லைக்குப் போகப் பக்கவாட்டில் ஒன்று. பின்னால் வாசல் கிடையாது. பின்சுவர் முழுக்கச் சாமிக்கு. நடுவில் ஒரு மாடம், அதில் விளக்கு. மாடத்துக்குக் கீழே அவர்கள் குலசாமிப் பெட்டி. சுவருக்கு வெளியே ஒரு மஞ்சணத்தி மரம்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு ஐப்பசி. மழை விடாமல் அடித்தது. மானாவாரி விதைத்துப் பயிர் நிற்கிற மாதத்தில் ஆட்டை ஊருக்குள் வைத்திருக்க முடியாது, மேற்கே மலையடிவாரத்துக்கு ஓட்டிக்கொண்டு போய்விடுவார்கள். அவனும் போயிருந்தான். ஊர்க் கண்மாய் உடைத்துக்கொண்டு தண்ணீர் தெருவுக்குள் வந்தது. அவள் பிள்ளைகளையும் சாமிப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடிவிட்டாள். தண்ணீர் வடிந்து வந்து பார்த்தால் பின்சுவர் மொத்தமும் வெளிப்பக்கம் சாய்ந்து மண் மேடாகக் கிடந்தது. ஓடு பாதி உடைந்து, மீதி கம்பில் தொங்கியது.

பால் வண்டிக்காரன் வந்து எனக்குச் சொன்னான். உடனே கிளம்ப முடியவில்லை, நான் பாலிசி போட்ட ஊர்களிலெல்லாம் வீடுகள் விழுந்துகொண்டிருந்தன. பால் வண்டியிலேயே சொல்லி அனுப்பினேன்: எதையும் தொடாதீங்க. அதோடு நிற்கவில்லை நான். அந்தக் காலத்தில் மற்ற ஏஜென்ட் எவனும் செய்யாததைச் செய்தேன். போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்த தம்பியைப் பிடித்து, "அந்த வீட்டை ஒரு படம் எடுத்துட்டு வா" என்று அதே வண்டியில் ஏற்றிவிட்டேன்.

ரெண்டு நாள் கழித்துப் படத்தைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தான். எடுத்துப் பார்த்தேன். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது.

அவள் கல்யாணப் பட்டை உடுத்திக்கொண்டு நிற்கிறாள். பிள்ளைகள் தலை சீவிப் பவுடர் போட்டு, வரிசையாக, கையைத் தொடையில் ஒட்டவைத்துக்கொண்டு நிற்கின்றன. பக்கத்தில் ஒரு வெள்ளாட்டங்குட்டி. பின்னால் வீட்டின் முன்பக்கம், இடியாமல் முழுசாக.

"ஏலே, நான் என்ன சொன்னேன், நீ என்ன எடுத்துட்டு வந்திருக்கே? கல்யாணப் பத்திரிகை அடிக்கவா அனுப்புனேன்?"

"கோவப்படாதீங்க அண்ணாச்சி. பின்னால போயி கேமராவைத் தூக்குனேன். அந்தக்கா ஓடியாந்து மறைச்சிட்டு. விழுந்ததைப் படம் எடுத்து வைக்கவா, எழவு வீட்டுலதானே செத்தவுகளை உக்கார வச்சு எடுப்பாக, என் வீடு இன்னும் சாகலைன்னு சொல்லுது. எனக்கும் கை வரலை."

"அதுக்கு?"

"வந்ததுக்கு ஒரு படம் எடுங்க, நாங்க இதுவரைக்கும் எடுத்ததே இல்லைன்னாக. பிள்ளைகளைக் குளிப்பாட்டிக் கூட்டியாரவரைக்கும் இருந்து எடுத்துட்டு வந்தேன்."

படத்தை மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன். எவன் கண்ணிலும் படக்கூடாது. அவளுக்கும் ஒரு பிரதியைப் பால் வண்டியில் கொடுத்துவிட்டிருந்தான்.

பாதை சரியானதும் நேரில் போனேன். அந்த மண்ணில் நடந்திருந்தால்தான் தெரியும், நாலு எட்டுக்குள் காலில் ஒரு ஆள் கனம் ஒட்டிக்கொள்ளும். பின்பக்கத்தில் சாக்கைத் தொங்கவிட்டு, அந்த ஓட்டை வீட்டில் பிள்ளைகளோடு இருந்தாள். முந்தின நாள் சாக்கு வழியாக உள்ளே பாம்பு வந்ததாம். சாமிப் பெட்டியை ஒரு முக்காலியில் வைத்து மேலே குடை பிடித்த மாதிரி ஒரு தகரத்தைக் கட்டியிருந்தாள்.

"எப்ப வருவாரு அண்ணாச்சி, உங்க ஆளு?"

"இன்னைக்கோ நாளைக்கோ வந்துருவாரு தாயி. நீ மட்டும் தொடாம இரு."

நான் அப்படித்தான் எல்லோரிடமும் சொல்லுவேன். சர்வேயர் ஒரே ஆள், விழுந்த வீடுகளோ வடக்கே சாத்தூர் வரைக்கும் கிடந்தன. நான் மூன்று தடவை போனேன், மூன்று தடவையும் இதே பேச்சு. மூன்றாம் தடவை அவள் கேட்கவில்லை, நானாகச் சொன்னேன். "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டு மகளின் தலையில் பேன் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கார்த்திகை பிறந்தது. விளக்கு வைக்கிற மாதத்தில் சாமி முக்காலியில் இருக்கக்கூடாது என்று அவள் தீர்மானம் பண்ணிவிட்டாள். தெருப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு, விழுந்து கிடந்த அதே மண்ணை மிதித்துக் குழைத்து, அதே கல்லை அடுக்கிச் சுவரை எழுப்பி, வீடு முழுக்கச் சுண்ணாம்பு அடித்துக் காவிப் பட்டை போட்டு, மாடத்தில் விளக்கையும் ஏற்றிவிட்டாள். எனக்குச் சொல்லவில்லை.

எனக்குத் தெரிந்தது சர்வேயரோடு போன அன்றைக்குத்தான்.

சர்வேயர் மதுரைக்காரர். ஒல்லி ஆள். பையும் குடையுமாக வந்தார். வருகிற வழியெல்லாம் நான் அவரிடம் என் கதையைச் சொல்லிக்கொண்டு வந்தேன், தீப்பெட்டி ஆபீசிலிருந்து ஆரம்பித்து. அவர் ஒரு "ம்" கூடக் கொட்டவில்லை. இவனெல்லாம் படித்து என்ன பிரயோசனம் என்று நினைத்துக்கொண்டேன்.

வாசலில் கோலம். மாவிலைத் தோரணம். வீடு வெள்ளை வெளேர் என்று நிற்கிறது.

வாசலுக்கு எதிரே ஒரு கூட்டம். அவள் புருசன் மலையிலிருந்து திரும்பியிருந்தான். ஆடுகள் பட்டியில் நின்றன. முக்கால்வாசி இல்லை. மழையில் கழிச்சல் கண்டு அங்கேயே செத்துவிட்டன. மிஞ்சி நின்றவை பெரும்பாலும் இடது காதில் அடையாள வெட்டு விழுந்த ஆடுகள். அவை அவளுடையவை. தாய் வீட்டிலிருந்து கொண்டுவந்த ஆட்டின் வம்சம், எல்லாம் சினை. சந்தை வியாபாரி ஒருத்தன் தோளில் துண்டோடு நின்று ஒவ்வொரு ஆட்டின் வயிற்றையும் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன மாப்ளே இது?" என்று புருசனைக் கேட்டேன்.

"பாத்தா தெரியலையா? இவ மிதிச்சு வச்ச மண் சுவரு அடுத்த மழைக்கு நிக்குமா? கல்லு வாங்கணும், சிமென்ட் வாங்கணும், ஓடு வாங்கணும். ஆட்டை விட்டா எங்கிட்ட என்ன இருக்கு?"

அவள் பட்டிப் படலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ஆட்டை விட்டா எங்கிட்டயும்தான் என்ன இருக்கு? சினை ஆட்டைக் கசாப்புக்குக் கொடுக்காதீக."

"அப்ப பிள்ளைகளைச் சுவருக்கு அடியிலே கொடுப்பமா?"

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

சர்வேயர் உள்ளே போய்விட்டார். நான் பின்னாலேயே ஓடினேன். அவர் பின்சுவருக்கு முன்னால் நின்று மேலும் கீழும் பார்த்தார்.

"விழுந்த சுவர் எது?"

"இதுதான் சார்."

"இது நிக்குதே."

அவ்வளவுதான், நான் ஆரம்பித்தேன். கரிசலைப் பற்றிச் சொன்னேன். கண்மாயைப் பற்றிச் சொன்னேன். குலசாமியைப் பற்றி, இந்தப் பெண் மணல் சுமந்ததைப் பற்றி, நான் எப்பேர்ப்பட்ட ஏஜென்ட் என்பதைப் பற்றி. "ஊரையே கேளுங்க சார், விழுந்ததை எல்லாரும் பாத்தாக" என்றேன்.

"ஊரு சொல்லும் அண்ணாச்சி. நான் எதைப் பாத்தேன்னு கம்பெனி கேட்கும். விழுந்ததுன்னே வச்சுக்குவோம், வெள்ளத்துல விழுந்துதா, வெயில்ல விட்டிருந்த வெடிப்புல விழுந்துதா? வெடிப்புல விழுந்தா பாலிசியில வராது. உங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியும். வெளியே வியாபாரி துண்டை உதறி விரிக்கிற சத்தம் கேட்டது. எங்கள் பக்கம் ஆட்டு விலையை வாயால் பேசமாட்டார்கள். ரெண்டு பேர் கையையும் துண்டால் மூடிக்கொண்டு, உள்ளே விரலைப் பிடித்துப் பிடித்துப் பேசுவார்கள். வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தேன். அவள் புருசன் கை துண்டுக்குள் போய்விட்டது.

திரும்பினேன். சர்வேயர் மாடத்துக்கு முன்னால் கொஞ்சம் குனிந்து நின்றார். சாமி கும்பிடுகிறாராக்கும் என்று நினைத்தேன். இல்லை. மாடத்துக்குப் பக்கத்தில் சட்டம் போட்டு மாட்டியிருந்த அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எந்தப் படத்தை நான் இழுப்பறையில் போட்டுப் பூட்டினேனோ அதே படம்.

"இது எப்ப எடுத்தது?"

"அது கிடக்கு சார். மழை வடிஞ்ச கையோட எடுத்தது. சுவரை எடுக்கச் சொன்னேன், இவுக பட்டு கட்டிட்டு நின்னுட்டாக. ஒண்ணுத்துக்கும் ஆகாத படம்."

அவர் சட்டத்தை ஆணியிலிருந்து எடுத்து வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். கண்ணாடியைத் தூக்கிவிட்டு, படத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார்.

"இந்த வாசக்கதவு திறந்திருக்கு பாருங்க."

"ஆமா."

"உள்ள இருட்டா இருக்கணும். ஒரு மரம் தெரியுது. என்ன மரம் இது?"

நான் வாங்கிப் பார்த்தேன். எத்தனையோ தடவை இழுப்பறையைத் திறந்து, பார்த்து வைது திரும்ப மூடியிருக்கிறேன். பட்டுச் சேலையைப் பார்த்தேன், பவுடரைப் பார்த்தேன், ஆட்டுக்குட்டியைக்கூடப் பார்த்தேன். அவள் தோளுக்குப் பக்கத்தில் திறந்திருந்த கதவை நான் பார்க்கவே இல்லை. கதவுக்குள்ளே வீடு இல்லை. வீட்டைத் தாண்டி, அந்தப் பக்கம் வானமும், ஒரு மரத்தின் கிளையும்.

"மஞ்சணத்தி" என்றேன்.

"பின்வாசல் உண்டா?"

"கிடையாது சார். என்னைக்குமே கிடையாது."

அவர் பக்கவாட்டு வாசல் வழியாக வெளியே போய்ச் சுற்றி வந்தார். மரம் புதுச் சுவருக்கு நேர் பின்னால் நின்றது. கையால் சுவரைத் தடவினார், ஈரம் ஒட்டியது. திரும்ப வந்து படத்தில் இன்னொன்றைக் காட்டினார். பிள்ளைகள் நிற்கிற இடத்துக்குப் பின்னால், முன்சுவரில், மூத்த மகளின் இடுப்பு உயரத்துக்குக் கோடு கிழித்த மாதிரி கீழே சேற்று நிறம், மேலே வெள்ளை. வெள்ளத் தண்ணீர் நின்ற மட்டம். பிற்பாடு அவள் சுண்ணாம்பு அடித்து மறைத்துவிட்ட மட்டம்.

"ஸ்டுடியோக்காரர் யாரு? அவர்கிட்ட என்னைக்கு எடுத்ததுன்னு எழுதி வாங்கணும்" என்றார். அவ்வளவு தூரம் வந்ததில் அவர் எங்களுக்குச் சாதகமாகப் பேசிய முதல் பேச்சு அதுதான். வழியெல்லாம் மனசுக்குள் நான் அவரை வைததை நினைத்துக்கொண்டேன்.

வாசலுக்கு ஓடி வந்து, "மாப்ளே, கையை எடு" என்று கத்தினேன். "சார் எழுதிட்டாரு!"

சர்வேயர் பின்னால் வந்து நிதானமாகச் சொன்னார்: "நான் பார்த்ததை எழுதுவேன். அதுக்கு மேல முடிவு கம்பெனியோடது. எவ்வளவு கொடுப்பாங்க, எப்பக் கொடுப்பாங்கன்னு நான் சொல்ல முடியாது."

வியாபாரி சிரித்தான். "அது வாரதுக்குள்ள இந்த ஆடு குட்டி போட்டு, குட்டியும் குட்டி போட்டுரும்."

அவள் புருசன் கையை எடுக்கவில்லை. துண்டு ரெண்டு பேருக்கும் நடுவில் தொங்கியது. அவன் என்னைப் பார்த்தான். "அண்ணாச்சி, நீங்க சொல்லுங்க. நீங்க சொன்னாத்தான் இவ பாலிசி போட்டா. நீங்க சொன்னாத்தான் பிள்ளைகள் பாம்போட படுத்துக் கிடந்துச்சு. காசு வருமா, வராதா?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லித்தான் நான் மேலே வந்தேன். மழையில், வெயிலில், எத்தனை வாசலில் சொல்லியிருப்பேன். வரும், நான் இருக்கேன்லா, கவலைப்படாதீங்க. அன்றைக்கும் வாயைத் திறந்தேன். பட்டிக்குள் ஒரு ஆடு, இடது காதில் வெட்டு, வயிறு தொங்க, படல் ஓலையைக் கடித்து இழுத்துக்கொண்டிருந்தது. சொல்லி, வராமல் போனால், அடுத்த மழையில் அந்த மண் சுவர் உள்பக்கம் விழுந்தால்? வராது என்று சொல்லி வந்துவிட்டால்?

"தெரியலைப்பா" என்றேன். "எனக்குத் தெரியலை."

என் வாயிலிருந்து அப்படி ஒரு பேச்சு வந்து யாரும் கேட்டதில்லை. எனக்கு அவமானமாக இருந்தது. துண்டு அசைந்தது, உள்ளே வியாபாரி விரலைப் பிடிக்கிறான்.

அவள் படலை விட்டுவிட்டு வந்தாள். "இம்புட்டு நாளா எல்லாம் தெரியும் தெரியும்னாரு, அப்ப எனக்குப் பயமா இருந்துச்சு. இன்னைக்குத்தான் ஒரு உண்மை சொல்லியிருக்காரு" என்றாள். புருசன் பக்கம் திரும்பினாள். "மரம் படத்துல இருக்கு. நம்ம வீடு விழுந்தது அந்த அய்யாவுக்குத் தெரிஞ்சுபோச்சு. ஆடு குட்டி போடட்டும். அதுவரைக்கும் பிள்ளைகள் சுவர்ப் பக்கம் படுக்காது, முன்வாசல்ல படுக்கும். நான் பாத்துக்கிடுதேன். கையை எடுங்க."

அவன் அவளைப் பார்த்தான். பிறகு துண்டுக்குள்ளிருந்து கையை உருவி, வேட்டியில் துடைத்துக்கொண்டான். வியாபாரி துண்டைத் தோளில் போட்டு, "நல்லா இருங்க" என்று சொன்னான். அது வாழ்த்தா வசவா தெரியவில்லை.

காசு வந்தபோது குட்டிகள் தழை கடிக்கத் தொடங்கியிருந்தன. கேட்ட அளவுக்கு வரவில்லை. பின்சுவரைக் கல்லும் சிமென்டுமாக மாடத்து உயரம் வரைக்கும்தான் கட்ட முடிந்தது. அதற்கு மேலே இன்னமும் அவள் மிதித்த மண்தான். பிற்பாடு அந்தப் பக்கம் வந்த சர்வேயருக்கு அவள் ஒரு குட்டி கொடுக்கப் பார்த்தாள். அவர் வாங்கவில்லை, மோர் மட்டும் குடித்தார்.

அடுத்த மாத நோட்டீசில் கடைசி வரியை மாற்றவேண்டும் என்றேன். என் வீட்டுக்காரி பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். விழுந்த சுவரைத் தொடாதீங்க. அதற்கடுத்து: சாமி இருக்கிற சுவர் என்றால் முதலில் குடும்பத்தோடு வாசலில் நின்று ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல துணி உடுத்தலாம். வீட்டுக் கதவைத் திறந்து வையுங்கள்.

அவள் அந்தத் தடவை ஒரு வார்த்தையையும் அடிக்கவில்லை. அதற்குப் பிறகு வந்த மழைகளில், விழுந்த வீடுகளுக்கு முன்னால் ஜனங்கள் பட்டு உடுத்திச் சிரித்துக்கொண்டு நிற்கிற படங்களாக என் மேசைக்கு வந்துகொண்டே இருந்தன. எல்லாவற்றிலும் கதவு திறந்திருக்கும். இந்த ஜில்லாவில் அப்படி ஒரு யோசனையை அச்சில் போட்ட ஆள் நான்தான், சந்தேகமே வேண்டாம்.

ஆனால் ஐப்பசியில் வடகிழக்கே கருக்க ஆரம்பித்தால் எனக்கு அந்தக் காத்தாடிக்கு அடியில் உட்கார முடியாது. பசுவந்தனை பஸ்ஸில் ஏறிவிடுவேன். போய் அந்த வீட்டு வாசலில் நின்று, திறந்திருக்கிற கதவு வழியாக உள்ளே பார்ப்பேன். மாடத்தில் விளக்கு தெரியும். அதற்கு மேலே இருட்டாக இருக்கும். இருட்டாக இருந்தால் சுவர் நிற்கிறது என்று அர்த்தம்.

"என்ன அண்ணாச்சி, அங்கனயே நிக்கிதீங்க, உள்ள வாங்க" என்பாள்.

"இல்ல தாயி, சும்மா இந்தப் பக்கம் வந்தேன்" என்று சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நிற்பேன்.